மோட்டார்ஹோமைத் தூக்கும் முன்: ஜாக்கியும் முட்டும்

அமெரிக்காவில் மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே வீடு கட்டிய வண்டி, வாங்கப் போனால் சோபாவைக் கட்டிலாக விரித்துக் காட்டுவார்கள். அடுப்பைப் பற்றவைத்துக் காட்டுவார்கள். வெயிலுக்கு விரியும் பந்தலை இழுத்துக் காட்டுவார்கள். ஜாக்கி எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "அது வண்டியோடு வராது" என்பதுதான். பல வண்டிகளில் ஸ்டெப்னியே கிடையாது. டயர் போனால் ரோட்டோர உதவிக்குப் போன் பண்ணுங்கள் என்பது அவர்கள் கணக்கு. நகரத்துக்குப் பக்கத்தில் அந்தக் கணக்கு செல்லும். அரிசோனா பாலைவனத்தில், போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லாத இடத்தில் குடும்பத்தோடு தங்குகிறவர்களுக்கு அது போதாது.

எங்கள் வண்டி ஃபோர்டு இ-450 சேசிஸில் (என்ஜினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம்) கட்டிய, வேன் முகப்புள்ள கிளாஸ் சி வகை. பின்னால் இரட்டைச் சக்கரம், 16 அங்குல ரிம். டயர் மாற்றுவது, பிரேக் பார்ப்பது, கிரீஸ் அடிப்பது எல்லாவற்றையும் ஃபீனிக்ஸில் வீட்டு வாசலிலேயே நானும் என் மகனும் செய்துகொள்கிறோம். அதற்கு ஜாக்கியும், தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் முட்டும் தேர்ந்தெடுத்தபோது கற்றுக்கொண்டவை இங்கே இருக்கின்றன. எங்கள் ஊர் நண்பர்களில் நிறையப் பேர் இப்போது பழைய மோட்டார்ஹோம் வாங்குகிறார்கள். வாங்கிய மறுவாரம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை டன் ஜாக்கி வாங்கணும்?"

அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் தெரிய வேண்டியது உங்கள் வண்டியின் எடை. அதுவும் மொத்த எடை அல்ல, ஒவ்வொரு மூலையிலும் எவ்வளவு இறங்குகிறது என்பது. பிறகு உயரம். பிறகு தரை. அதற்கப்புறம் முட்டு. இவை தெரிந்துவிட்டால் ஜாக்கி தானாகவே முடிவாகிவிடும்.

இ-450க்கு ஃபோர்டு அனுமதிக்கும் மொத்த எடை 14,500 பவுண்டு. இதில் பின் ஆக்சில், அதாவது பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சு, மட்டுமே சுமார் 9,500 பவுண்டு சுமக்கும். ஆனால் கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரில் இருப்பது உச்ச வரம்பு. உண்மையில் வண்டி எவ்வளவு கனக்கிறது என்று எடைபோட்டால்தான் தெரியும். நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடைகள் இருக்கின்றன. சில டாலர் செலவில் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டையும் தனித்தனியே அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். பயணத்துக்குப் போவது போலவே தண்ணீர், கேஸ், சாமான், ஆட்கள் எல்லாவற்றோடும் போய் நிறுத்த வேண்டும். தண்ணீர் ஒரு கேலனுக்கு 8.34 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிறைந்திருந்தால் அதிலேயே 330 பவுண்டுக்கு மேல் வந்துவிடும். இடது வலது தனியாக வேண்டுமென்றால் சக்கரத்துக்குச் சக்கரம் எடைபோடும் இடங்களும் உண்டு. டெக்சஸ் லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் என்ற மோட்டார்ஹோம்காரர்கள் சங்கம் அந்த வசதி வைத்திருக்கிறது. எங்கள் வண்டியில் வெளியே தள்ளும் அறையும் ஃப்ரிட்ஜும் இடப்பக்கம். அதனால் பின் இடது மூலை 4,750, பின் வலது 4,350. நானூறு பவுண்டு வித்தியாசம் பார்வைக்குத் தெரியவே தெரியாது.

இங்கே ஜாக்கியில் போட்டிருக்கும் டன் 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. இந்தியாவிலோ ஐரோப்பாவிலோ வாங்கியதென்றால் அது 1,000 கிலோ. 4,750 பவுண்டு மூலைக்கு 6 டன் ஜாக்கி என்றால் இரண்டரை மடங்கு தாங்குதிறன் இருக்கிறது. ஒரு மூலையை மட்டும் தூக்க அது தாராளமாகப் போதும். அப்படியானால் 20 டன் வாங்கினால் இன்னும் நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் உயரம் குறுக்கே வருகிறது.

பாட்டில் ஜாக்கி, அதாவது பாட்டில் போல நிமிர்ந்து நிற்கும் ஹைட்ராலிக் ஜாக்கி, பெரிதாகப் பெரிதாக, முழுதும் இறக்கிய நிலையில் அதன் உயரமும் கூடிக்கொண்டே போகும். 6 டன் ஜாக்கி எட்டரை அங்குலத்தை ஒட்டி இருந்தால், 12 டன் ஒன்பதரையை ஒட்டியும், 20 டன் அதற்கு மேலும் இருக்கும். எங்கள் வண்டியின் பின் ஆக்சில் குழாயின் அடிப்பக்கம், டயரில் காற்று சரியாக இருக்கும்போது, தரையிலிருந்து பதினொன்றரை அங்குலம். கடையில் நின்று பார்த்தால் எல்லா ஜாக்கியும் உள்ளே போகும் போலத் தோன்றும். ஆனால் ஜாக்கி தேவைப்படும் நேரத்தில் டயரில் காற்று இருக்காது. முன் சக்கரத்தில் ஒரே டயர்தான், அது முழுதும் இறங்கினால் ரிம் கிட்டத்தட்ட தரையைத் தொட்டு நிற்கும். பின்னால் இரண்டில் ஒன்று போனால் மற்றது தாங்கிக்கொள்ளும், இறக்கம் குறைவு. இரண்டுமே போனால் அந்தப் பதினொன்றரை அங்குலம் ஏழு சொச்சமாகிவிடும். அதற்குள் இந்தப் பாட்டில் ஜாக்கிகளில் எதுவும் நுழையாது.

ஆகவே காற்றிறங்கிய நிலையில் உயரம் எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்க வேண்டும். வீட்டு வாசலில் வண்டியடியில் டேப்பை வைத்து நான்கு மூலைக்கும் அளந்து, அந்தத் தாளை ஜாக்கிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன். ஜாக்கி நுழையாத மூலைக்கு வழி எளிது. இறங்கிய டயரை ஒன்றரை அங்குலப் பலகை இரண்டின் மேல் மெதுவாக ஏற்றி நிறுத்தினால் மூன்று அங்குலம் கிடைத்துவிடும். அந்தப் பலகைகள் எப்படியும் நாம் வைத்திருக்க வேண்டியவைதான்.

இன்னொரு உயரமும் இருக்கிறது, எவ்வளவு தூக்க வேண்டும் என்பது. ஆக்சிலுக்கு நேர் கீழே ஜாக்கியை வைத்தால் இரண்டு அங்குலம் ஏறியதுமே சக்கரம் தரையை விட்டுவிடும். சேசிஸ் சட்டத்துக்குக் கீழே வைத்தால் முதலில் பட்டை ஸ்பிரிங் விரியும், சட்டம் பல அங்குலம் மேலே போன பிறகும் சக்கரம் தரையிலேயே உட்கார்ந்திருக்கும். அவ்வளவு உயரத்துக்கு வண்டியைச் சாய்த்துத் தூக்குவது டயர் மாற்றத் தேவையே இல்லாத அபாயம். டயருக்கு ஆக்சில், சட்டத்தில் ஏதாவது வேலை என்றால் மட்டும் சட்டம். இதில் ஒரு விதிவிலக்கு, இழுத்துச் செல்லும் டிரெய்லர்கள். அவற்றின் ஆக்சில் குழாயில் ஜாக்கி வைக்கவே கூடாது, சட்டத்தில்தான் வைக்க வேண்டும் என்று டெக்ஸ்டர் போன்ற ஆக்சில் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். குழாய் வளைந்துவிடும். உங்கள் வண்டிக்கு எது சரி என்பது சேசிஸ் கையேட்டில் படத்தோடு இருக்கும். வீட்டுப் பகுதியைக் கட்டியவரின் கையேட்டில் அது இருக்காது. ஃபோர்டு, செவர்லே, ஃபிரெய்ட்லைனர் என்று சேசிஸ் கம்பெனியின் கையேட்டைத் தேட வேண்டும். எங்கள் வண்டியில் பின்னால் ஆக்சில் குழாயில், ஸ்பிரிங் பட்டைக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாக வைக்கிறேன். நடுவிலிருக்கும், இரு பக்கச் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் குடத்தில் வைத்தால் 9,100 பவுண்டும் ஒரே புள்ளியில் இறங்கும், வண்டி இரு பக்கமும் ஆடும். அங்கே வைப்பதே இல்லை.

தரையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்தவரை அதிகம் பேர் கவனிக்காத இடம் இதுதான். பாட்டில் ஜாக்கியின் அடித்தட்டு நாலுக்கு நாலரை அங்குலம், பதினெட்டு சதுர அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 4,750 பவுண்டு உட்கார்ந்தால் ஒரு சதுர அங்குலத்துக்கு 264 பவுண்டு. எங்கள் டயரில் நாங்கள் அடிக்கும் காற்று 80. டயர் தரையை அழுத்துவதும் ஏறக்குறைய அந்த அளவுதான். அதாவது வண்டி இத்தனை நேரம் நின்ற அதே தரையில், மூன்று மடங்குக்கு மேல் அழுத்தத்தோடு ஒரு சின்ன இரும்புத் தட்டை இறக்குகிறோம். டயர் புதையாமல் நின்றது என்பதற்காக ஜாக்கியும் நிற்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. அதே ஜாக்கிக்குக் கீழே பதினொன்றேகாலுக்குப் பதினாறு அங்குலப் பலகை போட்டால் அழுத்தம் 26க்கு இறங்கிவிடும். டயர் அழுத்துவதில் மூன்றில் ஒரு பங்கு.

ஃபீனிக்ஸில் கோடை வெயிலில் தார்த்தரை இளகிவிடும். பலகை இல்லாமல் வைத்த ஜாக்கியோ முட்டோ அதில் அமிழ்வதைக் கண்ணால் பார்க்கலாம். பாலைவனத் தரை இன்னும் ஏமாற்றும். மேலே சின்னச் சின்னக் கற்கள் பாவியது மாதிரி கெட்டியாகத் தெரியும். அந்த ஓட்டுக்குக் கீழே மாவு போன்ற மண். அதனால் எங்கே தூக்கினாலும் பலகை போட்டுத்தான் தூக்குவேன், சிமெண்டுத் தரையானாலும் சரி. இங்கே கடைகளில் இரண்டுக்குப் பன்னிரண்டு என்று விற்கும் பலகையின் உண்மையான அளவு ஒன்றரைக்குப் பதினொன்றேகால் அங்குலம். ஒரே பலகை என்றால் நடுவில் வளைந்து ஓரங்கள் தூக்கிக்கொள்ளும், பரப்பு வீணாகிவிடும். இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் வளையாது. வண்டியைச் சமமாக நிறுத்த டயருக்குக் கீழே போடும் பிளாஸ்டிக் கட்டைகளை ஜாக்கிக்குக் கீழே நான் வைப்பதில்லை. அவை உள்ளே கூடானவை, அகலமான டயருக்காகச் செய்தவை.

இனி முட்டு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கிய வண்டி எதன் மேல் நிற்கப்போகிறது என்பது வேறு விஷயம், அதைத்தான் முதலில் வாங்க வேண்டும் என்பேன். ஹைட்ராலிக் ஜாக்கியைத் தாங்குவது உள்ளே ஒரு ரப்பர் சீலும் ஒரு சின்ன வால்வும். சீலில் ஒரு கீறல், வால்வுக்கடியில் ஒரு தூசி போதும், வண்டி இறங்கிவிடும். மெதுவாகவும் இறங்கும், ஒரேயடியாகவும் இறங்கும்.

பெரிய வண்டிக்கு 6 டன் ஜாக் ஸ்டாண்டு என்ற இரும்புத் தாங்கி ஒரு ஜோடி வாங்கு என்பதுதான் எல்லோரும் சொல்லும் யோசனை. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 6 டன் ஸ்டாண்டு முழுதும் இறக்கிய நிலையிலேயே பதினாறு அங்குலத்தை ஒட்டி இருக்கும். எங்கள் ஆக்சிலுக்குக் கீழே, தூக்கிய பிறகும், பதின்மூன்று பதினாலு அங்குலம்தான் இடம். அது நுழையாது. சட்டத்துக்குக் கீழே வைக்க அது சரியான பொருள், ஆக்சிலுக்கு அல்ல. 3 டன் ஸ்டாண்டு உயரத்துக்குப் பொருந்தும். ஆனால் அதில் எழுதியிருக்கும் 3 டன் ஒன்றுக்கா ஜோடிக்கா என்று லேபிளைப் படிக்க வேண்டும். ஜோடிக்கு என்றால் ஒன்றுக்கு 3,000 பவுண்டுதான், எங்கள் மூலைக்குப் பற்றாது. ஸ்டாண்டு வாங்குவதானால் பல் பிடித்து நிற்கும் ராட்செட் வகையைவிட, துளை வழியாகத் தடித்த இரும்பு முளை செருகும் வகைதான் எனக்குப் பிடிக்கும். முளை உள்ளே போயிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம், பல் சரியாகப் பிடித்திருக்கிறதா என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் ஹார்பர் ஃபிரெய்ட் என்ற கருவிக் கடைகள் பிட்ஸ்பர்க் பெயரில் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகள் சுமார் 17 லட்சத்தைத் திரும்பப் பெற்றார்கள். பல்லும் பிடியும் முழுதாகப் பொருந்தாமல், பாரம் இருக்கும்போதே நழுவலாம் என்பது காரணம். பதிலுக்குக் கொடுத்த 3 டன் ஸ்டாண்டுகளில் சிலவற்றை வெல்டிங் குறைக்காக அதே ஆண்டே மறுபடி திரும்பப் பெற வேண்டியிருந்தது. பழைய ஸ்டாண்டு யாரிடமாவது இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் மாடல் எண்ணைச் சரிபார்க்காமல் வாங்காதீர்கள்.

ஆக்சிலுக்கு எங்கள் முட்டு மரக்கட்டை அடுக்குதான். இடிந்த கட்டடங்களில் சிக்கியவர்களை மீட்கும் குழுக்கள் பயன்படுத்தும் அதே முறை. நாலுக்கு நாலு டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரக் கட்டை, உண்மையான அளவு மூன்றரைக்கு மூன்றரை. பதினெட்டு அங்குல நீளத் துண்டுகளாக வெட்டி, இரண்டு கட்டை இப்படி, அதன் மேல் இரண்டு கட்டை குறுக்கே என்று விறகு அடுக்குவது போல அடுக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் அடுத்ததை நான்கு இடத்தில் சந்திக்கும். ஒரு சந்திப்பின் பரப்பு பன்னிரண்டேகால் சதுர அங்குலம். மரத்தின் குறுக்கு நாருக்கு சதுர அங்குலத்துக்கு 500 பவுண்டு என்று மீட்புக் குழுக்கள் கணக்கு வைக்கின்றன. ஒரு சந்திப்புக்கு 6,000, நான்குக்கும் சேர்த்து 24,000 பவுண்டு. எங்களுக்கு வேண்டியதைப் போல ஐந்து மடங்கு. கட்டையின் முனை சந்திப்பைத் தாண்டி இரு பக்கமும் குறைந்தது மூன்றரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முனை பிளந்துவிடும். மூன்று அடுக்கு பத்தரை அங்குலம். அதன் மேல் ஒன்றரை அங்குலப் பலகை, மீதி இடைவெளிக்கு மெல்லிய பிளைவுட் துண்டுகள். அடுக்கின் அகலத்தைவிட உயரம் கூடாமல் பார்த்துக்கொள்கிறோம்.

மரத்தை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், அது சொல்லிவிட்டுத்தான் போகும். அளவுக்கு மீறிப் பாரம் வந்தால் நசுங்கும், முனகும், விலக நேரம் கொடுக்கும். கான்கிரீட் ஹாலோ பிளாக் அப்படி இல்லை. சுவர் கட்ட அது நல்ல பொருள், பாரம் பரவலாக இறங்கும்போது தாங்கும். வண்டியின் பாரம் ஒரு புள்ளியில் இறங்கினால் எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கிவிடும். செங்கல்லும் அப்படித்தான். வீடு கட்டி மிஞ்சியது கிடக்கிறதே என்று அதை வண்டிக்கு அடியில் வைப்பதை எங்கே பார்த்தாலும், அறிமுகம் இல்லாதவர்களாக இருந்தாலும், போய்ச் சொல்லிவிடுகிறேன்.

இத்தனைக்கும் பிறகு ஜாக்கி. எங்களிடம் இருப்பது 12 டன் பாட்டில் ஜாக்கி ஒன்று, 6 டன் ஒன்று. 12 டன்னை வாங்கியது பலத்துக்காக அல்ல, அடித்தட்டு கொஞ்சம் அகலம், தலையும் அகலம் என்பதற்காக. ஆக்சில் குழாய் உருண்டை, பாட்டில் ஜாக்கியின் தலை தட்டை. ஒரு பக்கம் தூக்கத் தூக்க ஆக்சில் சாயும், ஜாக்கி நிமிர்ந்தே நிற்கும், தலை நழுவப் பார்க்கும். ஜாக்கியின் தலையில் பொருந்தும் வி வடிவத் தொட்டில் தனியாகக் கிடைக்கிறது. சின்னச் செலவு, வாங்கிவிடுங்கள்.

கார் வைத்திருக்கிற வீட்டில் இருக்கும் ட்ராலி ஜாக்கியைப் பற்றியும் கேட்பார்கள். அதன் கை மேலே போகும்போது நேராகப் போகாது, வில்லாக வளைந்து போகும். அந்த வளைவுக்கு ஏற்ப ஜாக்கியே தன் சக்கரத்தில் உருண்டு நகர்ந்தாக வேண்டும். வழவழப்பான சிமெண்டில் நகரும், பிரச்சினை இல்லை. ஜல்லியில், பலகையில், தாரில் சக்கரம் சிக்கிக்கொண்டால் ஜாக்கி நகராது, அதற்குப் பதில் தலை ஆக்சிலில் வழுக்கும். அதனால் வாசலில் மட்டும், அதுவும் டன் கணக்குச் சரியாக இருந்தால் மட்டும். ஜீப் ஓட்டுகிறவர்கள் வைத்திருக்கும் உயரமான பண்ணை ஜாக்கி, இவ்வளவு பெரிய வண்டிக்கு வேண்டவே வேண்டாம். ஒல்லியான கம்பி, கையளவு அடித்தட்டு, பக்கவாட்டில் ஒரு தள்ளு போதும்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு நண்பர் போன் செய்தார். பஸ் போன்ற பெரிய கிளாஸ் ஏ வண்டி புதிதாக வாங்கியிருந்தார். "அண்ணா, வண்டியிலயே நாலு ஹைட்ராலிக் கால் இருக்கு. பட்டனை அமுக்கினா பின்பக்கம் முழுசும் தூக்குது. டயர் கழட்ட அதுவே போதும்தானே?"

"தூக்கும்பா. தூக்குறது வேற, அதை நம்பி கீழ கை விடறது வேற" என்றேன்.

அந்தக் கால்கள் நின்ற இடத்தில் வண்டியைச் சமப்படுத்தச் செய்தவை. டயர் மாற்றவோ அடியில் வேலை செய்யவோ பயன்படுத்தாதீர்கள் என்று தயாரிப்பாளர்களின் கையேடுகளிலேயே போட்டிருக்கும். பக்கவாட்டு விசையைத் தாங்கும்படி அவை கட்டப்படவில்லை. பின் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டால் பார்க்கிங் பிரேக் பிடிக்க எதுவுமே இல்லை, வண்டி முன்னே பின்னே நகர ஆரம்பித்தால் கால்கள் மடங்கிவிடும். அவருடையது பின்னால் டீசல் என்ஜின் வைத்த, ஏர் சஸ்பென்ஷன் வண்டி வேறு. காற்றுப்பைகளில் காற்று இறங்கினால் வண்டியின் உடம்பு பல அங்குலம் கீழே வந்துவிடும். ஒரு குழாய் பிய்ந்தால் ஒரு நொடியில் வரும். ஜாக்கியே தொடாமல், சும்மா எட்டிப் பார்க்கக் குனிந்தவர்கள்கூட அதில் நசுங்கி இறந்திருக்கிறார்கள். அடியில் போவதென்றால் முதலில் சட்டத்துக்குக் கீழே முட்டு, பிறகுதான் தலை. அவரிடம் இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

நகராமல் நிறுத்துவதிலும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. கியரை பார்க்கில் போட்டால் வண்டி நிற்கும் என்று நம்புகிறோம். பார்க் பிடித்து வைப்பது கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்டை. பின் சக்கரங்களில் ஒன்றைத் தூக்கிவிட்டால், டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுழலும், தரையிலிருக்கும் சக்கரம் உருளும், வண்டி போகும். ஷாஃப்ட் அசையவே வேண்டியதில்லை. ஃபோர்டு எஃப்-53, பழைய செவர்லே பி-30 சேசிஸ் வண்டிகள் பலவற்றில் பார்க்கிங் பிரேக்கும் அதே ஷாஃப்டில்தான் இருக்கிறது, அதனால் அதுவும் உதவாது. தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பது ஒன்றுதான் வழி. சின்ன பிளாஸ்டிக் ஆப்பு தார்த்தரையில் வழுக்கிவிடும். டயர் உயரத்தில் நாலில் ஒரு பங்காவது இருக்கும் கனமான ரப்பர் கட்டை வாங்குங்கள்.

அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊருக்குத் தெற்கே லா போஸா என்ற அரசுப் புறம்போக்கில் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான மோட்டார்ஹோம்கள் வந்து தங்கும். அங்கேதான் எங்கள் பின் வலது வெளி டயரில் ஒரு ஸ்க்ரூ ஏறியிருந்ததைச் சாயங்காலம் கண்டுபிடித்தோம். பக்கத்து வண்டிக்காரர் ஓய்வுபெற்ற லாரி டயர் மெக்கானிக். ஜாக்கியே வேண்டாம், உள் டயரை மட்டும் பலகையில் ஏற்றினால் வெளி டயர் தொங்கும், கழற்றிவிடலாம் என்றார். லாரிக்காரர்கள் செய்வதுதான். ஆனால் அந்த மூலையின் 4,350 பவுண்டும் ஒரே டயரில் இறங்கும். எங்கள் டயருக்கு ஒற்றையாக அனுமதித்த எடை 2,680. அதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அவரும் கோபித்துக்கொள்ளாமல், காலையில் வெளிச்சத்தில் செய்யலாம் என்று கூடவே வந்து நின்றார்.

வெளியே தள்ளிய அறையை உள்ளே இழுத்தோம். எல்லோரையும் இறக்கிவிட்டோம். உள்ளே ஒருவர் நடந்தால்கூட ஜாக்கியின் மேல் வண்டி ஆடும். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்தாயிற்று. நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திக்கொண்டோம். தூக்கிய பிறகு அந்த இறுகிய நட்டோடு மல்லுக்கட்டினால் அந்த உந்தல் முழுதும் ஜாக்கிக்குப் போகும். பிறகு மேல்மண்ணை மண்வெட்டியால் வழித்துச் சமமாக்கி, பலகை இரண்டு, அதன் மேல் ஜாக்கி. மகன் கைப்பிடியை அடிக்க, நான் தள்ளி உட்கார்ந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஜாக்கியை அல்ல. பலகை ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே இறக்கிவிட்டு மறுபடி ஆரம்பிப்பது என்பது எங்கள் ஏற்பாடு. கொஞ்சம் ஏறியதும் கட்டை அடுக்கு உள்ளே போனது. இன்னும் கொஞ்சம் ஏற்றி மேலே ஒரு பிளைவுட் துண்டு. கட்டையைப் பிடிக்கும்போது விரல் எப்போதும் பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும், மேலே வைக்கவே கூடாது. கடைசியில் ஜாக்கியைத் தளர்த்தி ஆக்சிலை அடுக்கின் மேல் உட்கார வைத்து, ஜாக்கியைத் தொட்டும் தொடாமலும் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டோம். வண்டியைக் கையால் தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் நட்டைக் கழற்றினோம். கழற்றிய சக்கரத்தைச் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போட்டோம். எல்லாம் தவறினாலும் வண்டி அதன் மேல்தான் விழும்.

நெடுஞ்சாலை ஓரத்தில் என்றால் இந்த எதுவுமே செய்ய மாட்டேன். இன்டர்ஸ்டேட் சாலையின் வலதோரம் பத்தடி அகலம். மோட்டார்ஹோம் எட்டரை அடி வரை இருக்கும். ஓட்டுநர் பக்க டயர் போனால் நமக்கும் மணிக்கு எழுபது மைலில் வரும் லாரிக்கும் நடுவே ஒன்றரை அடி. ரிம் போனாலும் பரவாயில்லை என்று அடுத்த வெளியேறும் வழி வரை ஊர்ந்து போகலாம், அல்லது எல்லோரும் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்று உதவிக்குக் கூப்பிடலாம். கோச்-நெட், குட் சாம், ஏஏஏவின் ஆர்வி திட்டம் என்று மோட்டார்ஹோமுக்கென்றே ரோட்டோரச் சேவைகள் இருக்கின்றன. சாதாரண கார்த் திட்டத்தில் பெரும்பாலும் மோட்டார்ஹோம் அடங்காது, பயணத்துக்கு முன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கியைப் பெட்டிக்குள் நிமிர்த்தியே வையுங்கள், படுக்க வைத்தால் எண்ணெய் கசியும், காற்று ஏறும். ஒவ்வொரு சீசனுக்கும் முன் வாசலில் ஒரு மூலையைத் தூக்கி, பக்கத்தில் முட்டும் கொடுத்துவிட்டு, ஜாக்கியின் தண்டு எவ்வளவு வெளியே இருக்கிறது என்று அளந்து ஒரு மணி நேரம் விட்டுப் பார்க்கிறோம். குறைந்திருந்தால் அந்த ஜாக்கிக்கு அத்தோடு வேலை முடிந்தது. கட்டைகளில் வெடிப்பு விட்டதைக் கழித்துவிடுவோம். அவற்றுக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது. வழுக்கும், விரிசலும் மறைந்துவிடும். சக்கரம் மாட்டிய பிறகு இ-450 நட்டுகளுக்கு 140 அடி-பவுண்டு, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரென்ச் வைத்து, ஒன்று விட்டு எதிரெதிராக இறுக்க வேண்டும். 100 மைலுக்குள் மறுபடி நிறுத்தி எட்டு நட்டையும் சரிபார்க்கச் சொல்கிறது ஃபோர்டு கையேடு. குவார்ட்ஸைட்டிலிருந்து ஃபீனிக்ஸ் வரும் ஐ-10 சாலையில் டோனோபாவில் பெட்ரோல் போட நிறுத்தும்போது அதைச் செய்துவிடலாம்.